லட்சுமிநரசு செட்டியும் நான் எழுதிய மனுவும்

மனு எழுதிப் பிழைத்தவன் நான். நடுவில் கவிதையும் எழுதினேன் என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிற ஐம்பது அறுபது பேருக்குத் தெரிந்திருக்கும். தாலுகா அலுவலக வாசலில், புளியமரத்தடியில், ஒரு மர மேஜை, ரெமிங்டன் டைப்ரைட்டர், கார்பன் தாள், எதிரில் வந்து உட்காருகிறவருக்கு ஒரு ஸ்டூல். இருபத்தாறு வருஷம் இதுதான் என் ஸ்தாபனம். கவிதையில் ஒரு சொல் சரியாக விழவில்லை என்று மூன்று நாள் தூக்கம் கெட்டுத் திரிந்திருக்கிறேன். மனுவில் ஒரு சொல்லுக்காக மூன்று நிமிஷம் நிதானித்ததில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. என்னைப் பற்றி மட்டும் பேசக் கூச்சமாக இருக்கிறது என்பதால் 1868ல் இறந்துபோன சென்னை வியாபாரி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். அவர் கடைசிக் காலத்தில் சட்டசபை உறுப்பினராக இருந்தார். ஆனால் அவர் செய்த முக்கியமான காரியம் எதையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்யவில்லை.

1994ல் ஒரு ஏரிக்கால்வாயின் பழைய எல்லையைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். கேட்ட கட்டு வந்து சேர நேரமாயிற்று. மேஜையில் யாரோ பார்த்துவிட்டு வைத்துப்போயிருந்த தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடப்பதாக எழுந்த புகார்களை விசாரித்த கமிஷனின் அறிக்கை, 1855. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனாலோ என்னவோ, ஆங்கிலமாக இல்லாத சொற்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. கிட்டி. அண்ணாந்தாள். ஆங்கில எழுத்துகளில் கோணல்மாணலாக, ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தன.

கிட்டிப்புள் ஆடிய கிட்டி எனக்குத் தெரியும். இது வேறு. இரண்டு குச்சிகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, நடுவில் விரல்களை வைத்து நெருக்குவது. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி என்று அறிக்கை புரியவைக்கிறது. அண்ணாந்தாள் என்பது ஆளைக் குனியவைத்து, அவன் கட்டியிருக்கிற துணியையோ ஒரு கயிற்றையோ கழுத்தின்மேல் போட்டுக் கால்விரல்களுக்கு அடியில் இழுத்துக் கட்டி, அப்படியே வெயிலில் நிறுத்திவைப்பது. கிஸ்தி பாக்கிக்காக. பல இடங்களில் சில ரூபாய்களுக்காக.

விசாரித்த மூன்று பேரும் வெள்ளைக்காரர்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன். அவர்கள் இந்தச் சொற்களை விவரித்தார்கள், விளக்கினார்கள். ஆனால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு சொல்லை அந்த இடத்தில் வைக்கவில்லை. பட்டவன் சொன்ன சொல் லண்டன்வரை போயிருக்கிறது. நான் அந்த மேஜையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்காக வந்த கட்டைப் பிரிக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன் நான் எழுதிய ஒரு மனுதான் ஞாபகத்தில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கமிஷன் எப்படி ஏற்பட்டது என்று தேடிப்போனபோதுதான் காஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற பெயர் கிடைத்தது. பிறந்தது 1806. எங்கள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த வருஷம். கோட்டைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள இது ஒரு வழி, அவ்வளவுதான். அப்பா சித்துலு செட்டி, சென்னையில் அவுரி வியாபாரி. மகனும் வியாபாரத்தில் இறங்கிப் பணம் சேர்த்தார். பிறகு அந்தப் பணத்தை ஒரு பத்திரிகையில் போட்டார். 1844ல் தொடங்கிய 'கிரசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகை. பத்திரிகையில் பணம் போடுவது எப்படிப்பட்ட காரியம் என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிஷனரிகளுக்கு அரசாங்கம் காட்டிய சலுகையை எதிர்ப்பதுதான் அதன் முதல் வேகமாக இருந்தது. மெல்ல மெல்ல அவர் கண் கிராமத்தின் பக்கம் திரும்பியது.

1852ல் சென்னை சுதேசிகள் சங்கத்தை நிறுவினார். அந்த வருஷக் கடைசியில் சங்கம் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு ஒரு மனு அனுப்பியது. நிலவரியின் பாரம், அதை வசூலிக்கிற முறையின் கொடுமை, நீதிமன்றங்களின் தாமதம், படிப்புக்கு ஒதுக்குகிற பணத்தின் அற்பம், எல்லாம் அதில் இருந்தன. வரி வசூலில் சித்திரவதை நடக்கிறது என்றும் இருந்தது. மனு போய்ச் சேர்ந்த பிறகு, இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராக இருந்த டான்பி சீமோர் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர் 1853ல் இங்கே வந்தார். லட்சுமிநரசு அவரைக் கூட்டிக்கொண்டு ஜில்லாக்களைச் சுற்றினார். படித்துக் காட்டியதை நேரில் காட்டினார். சீமோர் திரும்பிப்போய் 1854ல் பார்லிமெண்டில் பேசினார். கம்பெனியின் பக்கத்து ஆட்கள் மறுத்தார்கள். பிறகு கமிஷன்.

கமிஷனுக்கு மூன்று மாதத்தில் வந்த புகார்கள் 1,959. இந்த எண்ணிக்கையின் அர்த்தம் மனு எழுதுகிறவனுக்குத்தான் விளங்கும். அன்றைக்கு வட ஆற்காடு ஜில்லாவின் கலெக்டர் வேலூரில் இல்லை, சித்தூரில் இருந்தார். 1911வரை அதுதான் தலைநகரம். ஆம்பூர்ப் பக்கத்துக் குடியானவன் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் வேலையை விட்டுவிட்டு நடக்க வேண்டும். கமிஷனைப் பார்க்கச் சென்னைக்கு இன்னும் அதிக நாள். போனால் ஊரில் மணியக்காரனும் தாசில்தாரின் சேவகனும் காத்திருப்பார்கள். சித்திரவதை இருப்பதைக் காட்டிலும் அதற்குப் பரிகாரம் தேடுவதில் உள்ள கஷ்டமே தங்களை அதிகம் வருத்தியது என்கிற அர்த்தத்தில் கமிஷனர்களே எழுதியிருக்கிறார்கள். 1857ல், வடக்கே கலகம் நடந்துகொண்டிருந்த சமயம், கார்ல் மார்க்ஸ் 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' பத்திரிகையில் இந்த அறிக்கையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அந்த இடத்தை அவர் விட்டுவிடவில்லை.

கமிஷன் உண்மையைச் சொன்னது. முழு உண்மையையும் சொல்லவில்லை. கிட்டியை நெருக்கிய கை கறுப்புக் கை, கீழ்ச் சேவகனுடைய கை. ஆகவே குற்றம் சுதேசி உத்தியோகஸ்தர்களுடையது என்று முடித்தது. இவ்வளவு வரி வந்தாக வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்கிய கை சுத்தமாக வெளியே வந்துவிட்டது. லட்சுமிநரசு திறந்துவிட்ட கதவு பாதிதான் திறந்தது. ஆனாலும் திறந்தது. 1859ல் போலீஸை வரிவசூலிலிருந்து பிரித்துத் தனி இலாகாவாக்கிச் சட்டம் வந்ததற்கு இந்த அறிக்கை ஒரு முக்கியமான காரணம்.

லட்சுமிநரசுவை நான் தியாகியாக்க விரும்பவில்லை. சங்கத்தில் இருந்தவர்கள் வியாபாரிகள், சொத்துள்ளவர்கள், படித்தவர்கள். தோலைத் தொட்ட கையுள்ளவனுக்கு அந்தக் கூடத்தில் நாற்காலி இருந்திருக்காது. அவுரி வியாபாரி மகன் என்பதையும் மறக்க முடியவில்லை. அவுரி விளைந்த நிலத்தின் வரியும் அதே சேவகனால்தான் வசூலானது. தன் வீட்டுச் சோற்றுக்கும் பிறத்தியான் வலிக்கும் நடுவில் ஒரு நூல் ஓடுவது தெரிந்தும் அவர் வலியைப் பற்றி எழுதினார். என்னால் தாண்ட முடியாமல்போன இடம் அதுதான்.

என் அப்பா டேனரியில் வேலை செய்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு இழுக்கிற வேலை. அவருடைய விரல்களைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. நகங்கள் ஓரத்தில் கரைந்து மஞ்சளாக இருக்கும். சோறு பிசையும்போது வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் போய், 1970களில் குரோமியம் வந்தது. டிரம்கள் வந்தன. கம்பெனிகள் பெருகின. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை முழுக்க வேலை இருந்தது. என் தம்பியும் அங்கேயே போனான். நான் படித்த பள்ளிக்கூடச் சம்பளம், நான் வாங்கிய முதல் கவிதைப் புத்தகம், டைப்ரைட்டருக்குக் கொடுத்த முன்பணம், எல்லாம் அந்தக் குழியிலிருந்து வந்ததுதான்.

1987ல் ஒரு பெரியவர் என் மேஜைக்கு வந்தார். ஆற்றோரத்தில் இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, பன்னிரண்டு தென்னை. ஸ்டூலில் உட்காராமல் தரையில் குந்தினார்.

"தண்ணி கெட்டுப் போச்சி நைனா. கெணத்துல எறைச்சா நொறை வருது. தேங்கா எலுமிச்சங்கா மாதிரி ஆயிடுச்சி. நாங்க குடிக்கிறத வுட்டு ரெண்டு வருஷமாச்சி. இப்போ மாடு தொட்டிகிட்ட வருது, மோந்து பாக்குது, மூஞ்சத் திருப்பிக்கினு போயிடுது. அத எழுது."

"எதனால கெட்டுதுன்னு எழுதணும் பெரியவரே."

"உனுக்குத் தெரியாதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "உங்க நைனா அங்கதான இருந்தாரு. அவரு மேல எனுக்கு ஒண்ணும் இல்ல. தண்ணிய எழுது, போதும்."

அவரை மறுநாள் வரச் சொன்னேன். அன்று ராத்திரி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையை விட்டு நின்றிருந்த சமயம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி கெட்டா அவங்க வூட்ல அழுவாங்க. கம்பெனி மூடிட்டா நம்ம வூட்ல அழுவணும். ஒந்தம்பி கைக்கொழந்தக்காரன். பாத்து எழுது" என்றார்.

பார்த்து எழுதினேன். நான் எழுதிய வாக்கியம் இன்றும் எனக்கு மனப்பாடம்: 'மேற்படி கிணற்று நீரானது பல்வேறு காரணங்களால் மாசடைந்து, பாசனத்திற்கும் கால்நடைகளின் உபயோகத்திற்கும் தகுதியற்ற நிலையில் உள்ளது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' பிழையில்லாத தமிழ். படித்துக் காட்டியபோது பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருக்கு மரியாதையாக இருந்திருக்க வேண்டும். "மாடு வந்துடுச்சா நைனா?" என்று மட்டும் கேட்டார். "கால்நடைன்னு போட்டிருக்கேன்" என்றேன். கைநாட்டு வைத்துவிட்டு, இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

'பல்வேறு காரணங்களால்' என்பதை நான் தம்பிக்காக எழுதினேன் என்று வைத்துக்கொள்ளலாம். அது பயம். அதற்கு ஒரு நியாயம் உண்டு. மாட்டை ஏன் எடுத்தேன்? மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று எழுதினால் தம்பிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மனுவுக்கு அது அழகில்லை என்று நினைத்தேன். கவிதையில் படிமம் படிமம் என்று அலைந்துகொண்டிருந்தவன், ஒரு மனிதர் தரையில் குந்தி உட்கார்ந்து கொண்டுவந்து கொடுத்ததைத் தள்ளிவிட்டு, 'தகுதியற்ற நிலை' என்று டைப் அடித்தேன். கிட்டி என்ற சொல்லைக் கமிஷனர்கள் 'உடல் ரீதியான உபத்திரவம்' என்று மாற்றியிருந்தால் 1,959 பேரும் என்ன ஆகியிருப்பார்கள் என்று எழும்பூரில் உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. அதுதான் விஷயம். ஒன்றுமே ஆகியிருக்காது.

என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் ஜில்லாவில் இருந்தார்கள். வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு. தோல் பட்டையில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதை அது சொன்னது. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் நிலைபெற்றதற்கு எங்கள் ஆற்றுத் தண்ணீர் ஒரு பெரிய காரணம். அதன்படி அமைந்த ஆணையம் 2001ல் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் நஷ்டஈடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தேன். ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே விவகாரத்தில் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. பரிகாரம் தேடுவதில் உள்ள கஷ்டம் என்று 1855ல் எழுதியவர்களின் வாக்கியத்துக்கு வயதே ஆகவில்லை.

லட்சுமிநரசுவின் சட்டசபைக் காலத்துக்கு வருகிறேன். சொல்ல அதிகமில்லை. 1861ன் கவுன்சில் சட்டப்படி சென்னையில் ஒரு சட்டசபை ஏற்பட்டது. உறுப்பினர்களைக் கவர்னர் நியமித்தார். லட்சுமிநரசு 1863ல் நியமனம் பெற்றார். சி.எஸ்.ஐ. பட்டமும் வந்தது. அந்தச் சபையில் கேள்வி கேட்க முடியாது. வரவு செலவைப் பற்றிப் பேச முடியாது. முன்னால் வைத்த மசோதாவைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் சொல்லலாம். கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்த மனிதரைக் கேட்கக் கூடாத அறையில் கௌரவமாக உட்கார வைத்தார்கள். ஐந்து வருஷம் இருந்தார். வியாபாரத்தில் சேர்த்தது பொதுக்காரியத்திலும் நஷ்டத்திலும் கரைந்து, 1868ல் இறந்தபோது வசதியில்லாத மனிதராக இறந்தார்.

அவருடைய சமகாலத்தவர் ஆபிரகாம் லிங்கன். மூன்று வயது இளையவர். 1834லிருந்து எட்டு வருஷம் இல்லினாய் மாநிலச் சட்டசபையில் இருந்தார். சுற்றுவட்டாரத்து மனிதர்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டும் வெள்ளை ஆண்களுக்கு மட்டும்தான். ஆனாலும் அவருக்கு ஒரு தொகுதி இருந்தது. லட்சுமிநரசுவுக்கு ஓட்டுப்போட ஒரு ஆள் இல்லை. நான் இப்படி யோசித்துப் பார்க்கிறேன். அவருக்கும் ஒரு தொகுதி இருந்தது. 1,959 பேர். சபைக்குப் போவதற்கு எட்டு வருஷம் முன்பே அவர்கள் நடந்து வந்தும் எழுதி அனுப்பியும் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விரலும் கழுத்தும்தான் அவர்களுடைய வாக்குச்சீட்டு. 1863ல் கிடைத்தது நாற்காலி மட்டும். பிரதிநிதி என்பது ஒரு பதவி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கீழே ஒருவன் சொன்னதை வழியில் சிந்தாமல் மேலே கொண்டுபோய் வைப்பது என்பதற்குமேல் அதற்கு வேறு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. அந்த அர்த்தத்தில் மர மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நானும் ஒரு பிரதிநிதிதான். இருபத்தாறு வருஷமும் நான் கொண்டுபோனது காலிப் பாத்திரம்.

2003ல் அந்தப் பெரியவரின் மகன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அப்பா இறந்து நாலு வருஷமாயிற்று என்றார். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த என் மனுவின் கார்பன் நகல் கையில் இருந்தது. மடிப்பில் கிழிந்து, ஊதா எழுத்து மங்கியிருந்தது.

"ஏதோ ஆதாரமா இருக்கும்னு எடுத்துக்கினு வந்தேன் சார். படிச்சிப் பாத்தா இதுல டேனரின்னு ஒரு வார்த்தையே இல்லையே? எங்கப்பா வேற யாராண்டனா எழுதினாரா?"

"நான் எழுதினதுதான்" என்றேன். மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இல்லை. அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குடும்பத்துக்கே கோபம் வராது போலிருக்கிறது.

அப்பா போய்விட்டார். தம்பி நெஞ்சு நோயோடு வேலையை விட்டு வீட்டில் இருக்கிறான். அவனுடைய மகள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. ஜில்லா 2019ல் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூரைச் சேர்ந்தது. கலெக்டர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறார். டைப்ரைட்டரை விற்றுவிட்டேன். எப்போதாவது பழக்கத்தில் யாராவது மனு எழுதித் தரக் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களை முழுக்கப் பேசவிடுகிறேன். 'தாழ்மையுடன்' போடுவதில்லை. சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, எது விட்டுப்போயிற்று என்று கேட்கிறேன். அதிகாரிகளுக்கு இந்த மாதிரி மனு பிடிப்பதில்லை என்று திரும்பி வந்து சொன்னவர்களும் உண்டு. சரிதான்.

பெரியவர் எழுதச் சொன்ன ஒரு வாக்கியம் என்னிடம் பாக்கியாக இருக்கிறது. இது மனு அல்ல. படிக்கப்போகிறவர்கள் அறுபது பேர். அவர்களில் ஒருவர்கூட நஷ்டஈடு கொடுக்கக்கூடியவர் இல்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். தோல் கம்பெனிக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிற்று. மாடு தொட்டியண்டை வருகிறது, மோந்து பார்க்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறது.